மாதம் நாற்பதாயிரம் போதுமா? விலைவாசியும் ஓய்வுக்காலமும் – குமரி மாவட்டத்துக்காரர்கள் பேசலாம்

மார்த்தாண்டம்–மஸ்கட்:
எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். இப்போது மஸ்கட்டில் வேலை. வயது 49, மனைவிக்கு 45. அறுபது வயதில் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு. எனக்குப் பென்ஷன் எதுவும் கிடையாது, சேர்த்துவைப்பதுதான் கைமுதல். வீடு சொந்தம், கடன் இல்லை. மகள் கல்லூரி முதல் வருடம்.

ஊரில் இன்றைக்கு வீட்டுச் செலவு மாதம் 40,000 ரூபாய். என் மச்சான் சொல்கிறார்: "ஒரு கோடி சேர்த்து ஏழு சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டுவிடு, மாதம் 58,000 வரும், ராஜா மாதிரி இருக்கலாம்." கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்கு வரும்போது சந்தையில் கேட்கிற விலை பயமுறுத்துகிறது. ஓய்வு பெற்றவர்கள், பெறப்போகிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

தக்கலை வாத்தியார்:
தம்பி, 49 வயதிலேயே கேட்டது நல்லது. பெரும்பாலானவர்கள் கடைசி மாதச் சம்பளம் வாங்கிய பிறகுதான் இதை யோசிக்கிறார்கள்.

நான் பழைய ஓய்வூதியத்தில் வருகிறவன். 2003 ஏப்ரலுக்கு முன்னால் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு அது உண்டு. அதில் உள்ள பெரிய பலம் முதல் மாதம் எவ்வளவு வருகிறது என்பதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அகவிலைப்படி ஏறுகிறது. அதுதான் பலம். ஏழாவது ஊதியக்குழுக் கணக்கு 2016 ஜனவரியில் தொடங்கியபோது அகவிலைப்படி பூஜ்யம். 2025 ஜூலைக்கு அது 58 சதவீதம். அதாவது அடிப்படைப் பென்ஷன் 25,000 என்று நிர்ணயமான ஒருவருக்கு அந்தக் கணக்கில் 39,500. அவர் ஒரு மனுவும் கொடுக்கவில்லை, ஒரு முதலீடும் செய்யவில்லை. விலை ஏறியதால் பென்ஷனும் கூடவே ஏறியது.

இதே 2016-இல் உங்களைப் போல ஒருவர் வங்கியில் பணம் போட்டு மாதம் 25,000 வட்டி வாங்கத் தொடங்கியிருந்தால், இன்றைக்கும் அவருக்கு ஏறக்குறைய அதே 25,000தான். இடையில் வட்டி குறைந்த வருடங்களில் அதுவும் இல்லை. எனக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உங்களுக்கு அகவிலைப்படி தர ஆள் கிடையாது. அதை நீங்களேதான் உங்களுக்குத் தந்துகொள்ள வேண்டும். அதற்கான பணத்தை இப்போதே ஒதுக்க வேண்டும்.

கருங்கல்காரி:
சார் சொன்னதை இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் அம்மா முந்திரி ஆலையில் வேலை பார்த்தவர். நம் மாவட்டத்தில் எத்தனை ஆயிரம் பெண்கள் அந்த வேலையில் கையைக் கருக்கியிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பி.எஃப். பிடித்தார்கள், அதனால் பி.எஃப். தொழிலாளர்களுக்கான இ.பி.எஸ். 95 என்ற பென்ஷன் வருகிறது. கணக்கு எளிது: கடைசி அறுபது மாதச் சராசரிச் சம்பளத்தை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி எழுபதால் வகுப்பார்கள். அம்மாவுக்குச் சராசரி 7,000, கணக்கில் ஏறிய வருடங்கள் 18. மாதம் 1,800 ரூபாய்.

அந்த 1,800 அம்மாவுக்கு 2016-இல் முதலில் வந்தது. இன்றைக்கும் 1,800தான். இந்தப் பென்ஷனில் அகவிலைப்படி என்ற ஒன்றே கிடையாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள், அதுவும் அங்கேயே நிற்கிறது. 2013-லேயே கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு 3,000 ரூபாயும் அகவிலைப்படியும் கொடுக்கச் சொன்னது. இப்போது ஓய்வூதியர்கள் 7,500 கேட்டுப் போராடுகிறார்கள். சில்லறை விலைக் குறியீட்டை வைத்துப் பார்த்தால் 2014-இல் 1,000 ரூபாய்க்கு வாங்கியதில் இன்று 600 ரூபாய் சொச்சத்துக்கு உரியதுதான் வாங்க முடியும். ஒரே மாவட்டத்தில், ஒரே சந்தையில் சாளையும் மரச்சீனியும் வாங்குகிற இரண்டு முதியவர்களில் ஒருவருக்கு விலைவாசிக்கு ஈடு உண்டு, இன்னொருவருக்கு இல்லை. இதில் எனக்கு ஆத்திரம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

வடசேரி வங்கியர்:
வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில். பிப்ரவரி, ஆகஸ்டு என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி மாறும். ஆனால் அரசு ஊழியருக்கு ஊதியக்குழு வரும்போது அடிப்படைப் பென்ஷனும் திருத்தப்படுகிற மாதிரி எங்களுக்குக் கிடையாது. அதனால் பழைய சம்பள ஒப்பந்தக் காலத்தில் ஓய்வு பெற்ற மேலாளரைவிட இப்போது ஓய்வு பெறும் கிளார்க் கூடுதலாக வாங்குவதும் உண்டு.

மஸ்கட் தம்பியின் மச்சான் கணக்குக்கு வருகிறேன். ஒரு கோடிக்கு ஏழு சதவீதம், வருடம் ஏழு லட்சம். வட்டி முழுவதையும் செலவழித்தால் முதல் அப்படியே இருக்கும். பார்க்கப் பத்திரமாகத் தெரியும். ஆனால் விலைவாசி வருடத்துக்கு ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் எல்லாம் இரட்டிப்பு விலை. அப்போதும் வருவது அதே 58,000. அதன் மதிப்பு இன்றைய 29,000. அந்த ஒரு கோடியும் அரைக் கோடிக்குச் சமம்.

இப்போது உண்மையான கணக்கு. ஒரு கோடியை ஏழு சதவீதத்தில் வைத்து, வருட ஆரம்பத்திலேயே அந்த வருடச் செலவை எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த வருடம் ஆறு சதவீதம் கூட்டிக் கூட்டி எடுக்கிறோம் என்று வையுங்கள். வரியைச் சேர்க்கவில்லை.

முதல் வருடம் 7 லட்சம் எடுத்தால் சுமார் 15 வருடத்தில் பணம் முடிந்துவிடும். அதாவது உங்கள் 75-ஆவது வயதில்.
5.5 லட்சம் என்று தொடங்கினால் 20 வருடம் பக்கம்.
4 லட்சம் என்று தொடங்கினால் சுமார் 28 வருடம்.

ஆக, அறுபதில் ஓய்வு பெறுகிறவர் சேமிப்பில் நூற்றுக்கு நாலு ரூபாய்க்கு மேல் முதல் வருடம் தொடக்கூடாது. மீதி வட்டியை முதலோடு சேர்த்துவிட வேண்டும். வாத்தியார் சொன்ன "நீங்களே தந்துகொள்ளும் அகவிலைப்படி" அதிலிருந்துதான் வரும்.

உங்கள் இன்றைய 40,000, நீங்கள் அறுபதைத் தொடும்போது ஆறு சதவீத ஏற்றத்தில் 76,000 ஆகியிருக்கும். 85 வயதில் 3.26 லட்சம். மாதத்துக்கு! ஐந்து சதவீதம்தான் ஏறும் என்று நம்பினாலும் 85-இல் 2.3 லட்சம். 76,000 வேண்டும் என்றால் வருடம் 9.12 லட்சம். நாலு சதவீதக் கணக்கில் 2 கோடியே 28 லட்சம் வேண்டும். மச்சான் சொன்ன ஒரு கோடி அதில் பாதிகூட இல்லை.

மார்த்தாண்டம்–மஸ்கட்:
வங்கியர் சார், இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் அரசாங்கமே பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறதே? இந்த 2025 அக்டோபரில் 0.25 சதவீதம் என்று செய்தியில் பார்த்தேன். ஆறு சதவீதம் என்று நாம் ஏன் பயந்து கணக்குப் போட வேண்டும்?

கருங்கல்காரி:
அண்ணே, அந்த 0.25 வந்த அதே வருடம் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் என்ன ஆனது? 2024 தொடக்கத்தில் லிட்டர் 200 ரூபாய்க்குள் வாங்கினோம். 2025 ஆடி மாதம் 400-ஐத் தாண்டியது. மதுரைக்காரருக்கு அது தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். நமக்கு அவியலும் துவரனும் மீன் குழம்பும் அதில்தான். நாடு முழுவதற்குமான குறியீட்டில் தேங்காய் எண்ணெய்க்கு உள்ள இடம் மிகச் சின்னது. காய்கறியும் பருப்பும் விலை இறங்கியதால் மொத்தச் சராசரி கீழே வந்தது. நம் அடுக்களையில் வரவில்லை.

தக்கலை வாத்தியார்:
மிகச் சரி. எங்கள் அகவிலைப்படியும் அப்படித்தான். தொழிலாளர் பணியகம் நாடு முழுவதும் 88 தொழில் மையங்களில் எடுக்கிற விலைகளின் சராசரி அது. தொழிலாளர் குடும்பம் என்ன வாங்குகிறது என்பதை வைத்துப் போட்டது. எழுபது வயதுக்காரர் என்ன வாங்குகிறார் என்பதை வைத்து அல்ல. நாங்கள் இரண்டு பேர் மட்டும் உள்ள வீடு. பள்ளிக் கட்டணம் இல்லை, துணிமணி அதிகம் இல்லை. மருந்து, பரிசோதனை, ஆட்டோ, வீட்டு வேலைக்கு வருகிறவருக்குக் கூலி, தேங்காய் வெட்டக் கூலி இவைதான் செலவு. மாத்திரை விலையைவிட மனிதக் கூலிதான் வேகமாக ஏறுகிறது. ஏற வேண்டியதும் நியாயம், அவர்களும் இதே விலைவாசியில்தானே வாழ்கிறார்கள். ஆனால் வயதாக ஆக நமக்குப் பிறர் உழைப்பு கூடுதலாகத் தேவைப்படும் என்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

இன்னொன்று. அகவிலைப்படியும் கல்லில் எழுதியதில்லை. கொரோனா காலத்தில் 2020 ஜனவரி முதல் மூன்று தவணைகளை நிறுத்திவைத்தார்கள். மத்திய அரசு 2021 ஜூலையில் 17-லிருந்து 28 சதவீதமாக்கியது. தமிழகத்தில் 2022 ஜனவரியில்தான் 17-லிருந்து 31 ஆனது. இடைப்பட்ட மாதங்களின் நிலுவை வரவே இல்லை. ஆகவே பென்ஷன் உள்ளவர்களும் ஒரு வருடச் செலவையாவது கையில் வைத்திருப்பது நல்லது.

வடசேரி வங்கியர்:
0.25 பற்றி ஒரு வார்த்தை. பணவீக்கம் இறங்கினால் வட்டியும் இறங்கும், இதை மறக்க வேண்டாம். 2025-இல் பிப்ரவரி தொடங்கி ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து 5.5-க்குக் குறைத்தது. வைப்பு வட்டியும் கூடவே இறங்கியது. 2020-21-இல் இன்னும் மோசம். அந்த வருடம் பணவீக்கம் 6.2 சதவீதம். பெரிய பொதுத்துறை வங்கியின் நீண்டகால வைப்புக்கு வட்டி 5.4, முதியோர் சிறப்புத் திட்டத்தில் 6.2. அதில் வரியும் கட்டினால் நஷ்டம்தான். கவுண்டரில் உட்கார்ந்து புதுப்பித்துக் கொடுத்தவன் நான். பத்து வருடம் முன்னால் ஒன்பது சதவீதத்தில் போட்டிருந்த பெரியவர்கள் புது ரசீதைப் பார்த்து "என்ன சார், தப்பா அடிச்சிட்டீங்களா?" என்று கேட்பார்கள். பதில் சொல்வது கஷ்டமாக இருக்கும்.

நீண்டகாலத்துக்கு ஆறு சதவீதம் என்று போடுவது பயமுறுத்த அல்ல. ரிசர்வ் வங்கியின் இலக்கே நாலு சதவீதம், ஆறு வரை போகலாம் என்ற அனுமதியோடு. முதியவர் வீட்டுச் செலவு சராசரியைவிட வேகமாக ஏறும் என்பதால் மேல் எல்லையில் வைத்துக்கொள்கிறேன்.

குலசேகரம் தோட்டம்:
எல்லோரும் வங்கி, பென்ஷன் என்றே பேசுகிறீர்கள். மலையோரத்தில் எங்களுக்கு ரப்பர்தான் பென்ஷன். இரண்டு ஏக்கர் இருந்தால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். நிலம் விலைவாசியோடு ஏறும். தம்பி ஒரு கோடியை வங்கியில் போடுவதற்குப் பதில் தோட்டம் வாங்கலாமே?

வடசேரி வங்கியர்:
தோட்டக்காரரே, நிலம் ஏறும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மாத வருமானம் நிலத்தின் விலையிலிருந்து வருவதில்லை, ரப்பரின் விலையிலிருந்து வருகிறது. 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கிறதா? அந்த உச்சத்தை மறுபடி கடந்தது எப்போது? 2024 ஆகஸ்டில். பதின்மூன்று வருடம். நடுவில் நூறு ரூபாய்ப் பக்கம் இறங்கிக் கிடந்த காலமும் உண்டு. அந்தப் பதின்மூன்று வருடத்தில் பால் வெட்டுக்கூலியும் உரமும் எவ்வளவு ஏறின என்று நீங்களே சொல்லுங்கள்.

குலசேகரம் தோட்டம்:
நீங்கள் சொல்வது உண்மைதான். வெட்டுக்கூலி கட்டுப்படியாகாமல் அந்த நாட்களில் எங்கள் பகுதியில் பலர் மரத்தில் பால் வெட்டாமலே விட்டிருந்தார்கள். இரண்டு மழைக்காலமும் பெய்கிற ஊர், வெட்டு நாளும் குறைவு. ஆனால் ஒன்று சொல்வேன், தோட்டம் கையில் இருப்பது தைரியம். தென்னை நாலு நிற்கிறவனுக்கு இந்த வருடம் எண்ணெய் விலை ஏறியது கவலையாக இல்லை.

தக்கலை வாத்தியார்:
அதை ஒத்துக்கொள்கிறேன். வீட்டுத் தேவைக்கான தென்னை, பலா, ஏத்தன், மட்டி வாழை இருந்தால் சந்தையில் விலை ஏறினாலும் அந்தப் பங்கு நம்மைத் தொடாது. ஏற்கெனவே உள்ள நிலத்தை விற்காதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் அறுபது வயதில் புதிதாக ரப்பர் வைத்தால் பால் வெட்டுக்கு வர ஏழு வருடம். மரம் தேய்ந்து மறுநடவு செய்ய வேண்டிய வேளையில் உங்களுக்கு எண்பது தாண்டியிருக்கும். பிள்ளைகள் ஊரில் இருந்தால் சரி. நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்?

வெட்டூர்ணிமடம் சிஸ்டர்:
தங்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2015-இல் பவன் 20,000-க்குக் கீழே வாங்கினேன், 2025 கடைசியில் 90,000. இதைவிட எந்தப் பென்ஷன் ஏறியது?

நாகர்கோவில் டு கழக்கூட்டம்:
அக்கா, 2012 கடைசியில் அதே பவன் 23,000 பக்கம் விற்றது. அப்போது வாங்கியவர் மூன்று வருடம் நஷ்டத்தில் இருந்தார். வாங்கிய வருடத்தைப் பொறுத்துக் கதை மாறும். அப்புறம், தங்கம் மாதாமாதம் எதுவும் தராது. செலவுக்கு வேண்டுமென்றால் விற்க வேண்டும். நம் ஊரில் யாரும் மனசாரத் தங்கத்தை விற்பதில்லை, அடகு வைத்து வட்டி கட்டுவார்கள். பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

நான் 34 வயது, தினமும் ரயிலில் டெக்னோபார்க் போய் வருகிறேன். மஸ்கட் அண்ணனுக்குப் பதினோரு வருடம் இருக்கிறது. அத்தனையையும் வைப்பு நிதியில் போட்டால் விலைவாசிதான் ஜெயிக்கும். சேமிப்பில் ஒரு பகுதி பங்குச் சந்தைக் குறியீட்டு நிதியில் மாதத் தவணையாகப் போக வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் மூன்றில் ஒரு பங்கு அதில் இருக்கலாம்.

தக்கலை வாத்தியார்:
தம்பி, அதில் இருக்கிற ஆபத்தையும் சொல்லிவிடுங்கள். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் அதே வருடம் அக்டோபரில் 8,000-க்குக் கீழும் போய் வந்தது. பழைய உயரத்தைத் திரும்பத் தொட 2010 நவம்பர் ஆனது. 2008 ஜனவரியில் ஓய்வு பெற்று, எல்லாவற்றையும் அதில் போட்டு, மாதாமாதம் அதிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டவர் நிலை என்ன?

நாகர்கோவில் டு கழக்கூட்டம்:
நல்ல கேள்வி சார். சந்தை விழுந்த வருடத்தில் விற்றுச் சாப்பிட்டால் பிறகு சந்தை எழுந்தாலும் அவர் எழ முடியாது. அதனால்தான் ஐந்து வருடச் செலவுக்கான பணத்தைப் பத்திரமான இடத்தில் தனியாக வைக்க வேண்டும் என்கிறேன். பங்கு நிதி, எழுபது வயதுக்கு மேல் வரப்போகிற செலவுக்கு. சந்தை நன்றாக இருக்கிற வருடம் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பத்திரமான பக்கத்தில் நிரப்புவது, விழுந்த வருடம் தொடாமல் விடுவது. இதைச் செய்ய மனக்கட்டுப்பாடு வேண்டும். இல்லாதவர்கள் சதவீதத்தைக் குறைத்துக்கொள்ளட்டும்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு விஷயம். அடல் பென்ஷன் திட்டத்தில் பதினெட்டு வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய், அறுபதில் 5,000 பென்ஷன் என்று நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். சேருங்கள், தவறில்லை. ஆனால் அந்த 5,000 ஏறாத 5,000. முப்பது வருடம் கழித்து ஆறு சதவீதக் கணக்கில் அது இன்றைய 870 ரூபாய். அதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம்.

மார்த்தாண்டம்–மஸ்கட்:
பத்திரமான பக்கம் என்றால் எங்கே? முதியோர் சேமிப்புத் திட்டம் நல்லது என்கிறார்கள். நான் இங்கிருந்தபடி இப்போதே போடலாமா? பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறுகிற திட்டம் ஒன்றும் நம் நாட்டில் இல்லையா?

வடசேரி வங்கியர்:
கடைசிக் கேள்விக்கு முதலில். 2013 டிசம்பரில் ரிசர்வ் வங்கி சில்லறை விலைக் குறியீட்டோடு இணைத்து, அதற்கு மேல் 1.5 சதவீதம் என்று ஒரு சேமிப்புப் பத்திரம் கொண்டுவந்தது. சில மாதங்களில் விற்பனை முடிந்துவிட்டது, மறுபடி வரவில்லை. எல்.ஐ.சி.யில் மொத்தமாகப் பணம் கட்டி உடனே பென்ஷன் வாங்கத் தொடங்கும் ஆண்டுத்தொகைத் திட்டத்தில் வருடத்துக்கு மூன்று சதவீதம் ஏறுகிற ஒரு தேர்வு உண்டு. ஆனால் ஏறுவது முதல் தொகையில் மூன்று சதவீதம் மட்டும், கூட்டு வளர்ச்சி இல்லை. தொடக்கத் தொகையும் குறைவாக இருக்கும். விலைவாசிக்கு முழு ஈடு என்று சொல்ல முடியாது.

முதியோர் சேமிப்புத் திட்டம்: வட்டி 2025-இல் 8.2 சதவீதம், ஒருவருக்கு 30 லட்சம் வரை, ஐந்து வருடம், பிறகு மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். முழு 30 லட்சம் போட்டால் மாதத்துக்கு 20,500 ஆகிறது. வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும்வரை நீங்கள் இதில் சேர முடியாது. ஊருக்கு வந்து குடியிருப்பு நிலை மாறி, அறுபது வயதும் ஆன பிறகுதான். அதுவரை உங்கள் என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு) வைப்பு வட்டிக்கு இங்கே வரி இல்லை என்பது ஒரு சலுகை.

ஆனால் இதிலும் அதே விஷயம்தான். ஐந்து வருடம் கழித்து 20,500-க்குப் பதில் 27,400 வேண்டியிருக்கும், வருவது 20,500தான். எனவே இதை அன்றாடச் செலவின் அடித்தளமாக வையுங்கள், முழு வீடாக அல்ல. ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிப் பத்திரம் தேசிய சேமிப்புப் பத்திர வட்டியைவிட 0.35 கூடுதல் தரும், 2025-இல் 8.05. வட்டிவிகிதம் ஏறும் காலத்தில் அதுவும் ஏறும்.

தக்கலை வாத்தியார்:
நான் 2.28 கோடி என்ற கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். தம்பியின் 40,000-இல் மகளின் கல்லூரிச் செலவும், கல்யாண மொய்யும், லீவுக்கு வரும்போது செய்கிற செலவும் சேர்ந்திருக்கும். இரண்டு பேருக்கான அன்றாடச் செலவு மட்டும் இன்றைக்கு 28,000 என்றால், அறுபதில் அது 53,000. வேண்டியது 1.6 கோடி பக்கம். எட்ட முடியாத மலை இல்லை.

ஆனால் அதில் மருத்துவம் வராது. அதைத் தனியாக வைக்க வேண்டும். எங்களுக்குத் தமிழக அரசின் ஓய்வூதியர் காப்பீட்டில் மாதம் 497 பிடித்து ஐந்து லட்சம் வரை பார்க்கிறார்கள். உங்களுக்கு அது இல்லை. காப்பீட்டை இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கலாம். அறுபதில் எடுத்து அறுபத்து மூன்று வரை பயந்துகொண்டு இருக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. முதியோருக்குப் பிரீமியத்தை வருடம் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்ற ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்க வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. அந்தப் பத்து சதவீதமே பொது விலைவாசியைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

முக்கியமாக இன்னொன்று. உங்கள் மனைவி உங்களைவிட நாலு வயது இளையவர். நீங்கள் 85 வரை என்று போடுகிற கணக்கு அவருக்குப் போதாது. அவருக்குத் தொண்ணூறு ஆகும்வரை போடுங்கள். இன்றிலிருந்து 45 வருடம். எங்கள் பென்ஷனிலேயே கணவர் போன உடனேயோ சில வருடங்களிலோ குடும்ப ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் முப்பது சதவீதமாகிவிடும். வீட்டு வரியும் கரண்டு பில்லும் வேலைக்காரர் கூலியும் பாதியாவதில்லை. தனியாக இருக்கிற அம்மாக்கள்தான் விலைவாசியில் முதலில் அடிபடுகிறவர்கள்.

கருங்கல்காரி:
சார் சொன்ன கடைசி வரியை நூறு தடவை சொல்ல வேண்டும்.

சேமிப்பே இல்லாதவர்கள் சமாளிப்பதையும் எழுதிவிடுகிறேன், இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் அப்படிப் பெரியவர்கள் இருப்பார்கள். அம்மாவுக்குப் பிரஷரும் சுகரும் உண்டு. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பணம் இல்லை. பெரிய பரிசோதனைக்கு ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரி. காத்திருக்க வேண்டும், ஆனால் பார்க்கிறார்கள். வெளியில் வாங்க வேண்டிய மருந்துக்கு முதல்வர் மருந்தகமும் மக்கள் மருந்தகமும் இருக்கின்றன. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு 30, பாமாயில் 25. இந்த விலை பல வருடமாக மாறவில்லை. அம்மா மாதிரி ஆட்களுக்கு இதுதான் உண்மையான அகவிலைப்படி. தேங்காய் எண்ணெய் ஏறியபோது வீட்டில் பாமாயிலுக்கு மாறினோம். வாய்க்குப் பிடிக்கவில்லை, ஆனால் மாறினோம்.

பென்ஷனே இல்லாதவர்களுக்கு முதியோர் உதவித்தொகை 1,200. 2023 ஆகஸ்டில் ஆயிரத்திலிருந்து ஏற்றினார்கள். களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் அதே வகைத் தொகை 2025 நவம்பரிலிருந்து 2,000. எல்லையில் வசிக்கிறவர்கள் தினமும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அங்கேயும் விலைவாசியோடு தானாக ஏறும் ஏற்பாடு இல்லை, அரசு நினைத்தால்தான்.

குலசேகரம் தோட்டம்:
ஒரு எச்சரிக்கை நானும் சொல்கிறேன். வங்கி வட்டி போதவில்லை என்றதும் சிலர் மாதம் நூற்றுக்கு இரண்டு தருகிறோம் என்று வருகிற ஃபைனான்ஸ் ஆட்களிடம் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தை அப்படிக் கொடுத்துவிட்டு முதலும் வராமல் நிற்கிற குடும்பம் உண்டு. விலைவாசி வருடத்துக்கு ஆறு ரூபாயைத் தின்னும். இவர்கள் ஒரே நாளில் நூறையும் தின்றுவிடுவார்கள். சீட்டு போடுவதென்றாலும் பதிவு பெற்றதா என்று பார்த்துப் போடுங்கள்.

மார்த்தாண்டம்–மஸ்கட்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நானும் வீட்டிலும் வீடியோ காலில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். மகள் செலவைக் கழித்தால் எங்கள் இருவருக்கு 30,000 வருகிறது. வீட்டு மாடியில் இன்னொரு தளம் கட்ட வைத்திருந்த பணத்தைக் கட்டாமல் சேமிப்பில் சேர்ப்பது என்று முடிவு. மாடியில் இருக்கப்போவது யார் என்று மனைவியே கேட்டாள். ஊரில் எல்லோரும் கட்டுகிறார்களே என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். மருத்துவக் காப்பீட்டுக்கு இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். நான் அறுபதில் முதியோர் சேமிப்புத் திட்டத்தில் போடும்போது அவளுக்கு 56தான் ஆகியிருக்கும். அவள் பெயரிலும் 30 லட்சம் போட முடியுமா? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளுக்கு அந்த வட்டி தொடருமா?

வடசேரி வங்கியர்:
அவர் பெயரில் தனிக் கணக்கு அறுபது ஆன பிறகுதான். அதுவரை உங்கள் கணக்கில் அவரைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கலாம், துணைக்கு வயது வரம்பு இல்லை. ஆனால் தொகை முழுவதும் உங்கள் 30 லட்ச வரம்புக்குள்தான் வரும். உங்களுக்குப் பின் கூட்டுக் கணக்குதாரரான மனைவி, அப்போது அவருக்கும் இந்தத் திட்டத்தில் சேரும் தகுதி இருந்தால், அதே வட்டியில், அதே நிபந்தனையில் முதிர்வுவரை தொடரலாம். நாலு வருடம் கழித்து அவருக்கு அறுபது ஆனதும் அவர் பெயரில் இன்னொன்று தொடங்குங்கள். அதற்கான பணத்தை இந்த நாலு வருடமும் எங்கே வைப்பது என்பதை ஊருக்கு வரும் வருடத்து வட்டியைப் பார்த்து முடிவு செய்யலாம். வரும்போது வடசேரிக்கு வாருங்கள், இருவருமாக வாருங்கள், உட்கார்ந்து படிவத்தை நிரப்பிவிடலாம்.